எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் சேர். எனக்கு 39 வயது. ரவுனில் ஒரு வங்கியில் வேலை. மனைவி தாதி, காலை, பின்னேரம், இரவு என்று டியூட்டி மாறி மாறி வரும். மகளுக்கு 9, மகனுக்கு 4. மாமியும் எங்களோடுதான் இருக்கிறார். பள்ளிக்கூடக் காலத்தில் சைக்கிளோட்டப் போட்டிகளில் ஓடியிருக்கிறேன், பிறகு விட்டுப்போயிற்று. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய் ஒரு பழைய ரேசிங் சைக்கிள் வாங்கினேன். அது பழைய பைத்தியத்தைக் கிளப்பிவிட்டது. வருகிற சித்திரைப் புத்தாண்டுக்கு நடக்கும் 60 கி.மீ. சைக்கிளோட்டத்தில் ஓட ஆசை. இன்னும் 14 கிழமை இருக்கிறது. இணையத்தில் எடுத்த பயிற்சி அட்டவணை கிழமைக்கு 11 மணித்தியாலம் கேட்கிறது. விடிய 4 மணிக்கு எழும்பிப் பார்த்தேன். மத்தியானம் வேலையில் தூங்கி விழுகிறேன். போன ஞாயிறு குச்சவெளி வரை போய், வரும்போது ரயர் காற்றுப்போய், வீடு வந்து சேர 10 மணி. மகளின் அறநெறி வகுப்புத் தவறிவிட்டது. அன்றைக்கென்று பேச்சுப்போட்டியும் இருந்தது. 'நீங்கள் போறது எனக்குப் பிரச்சினையில்லை. எப்ப வருவீங்கள் எண்டு தெரியாமல் இருக்கிறதுதான் பிரச்சினை. பேசாமல் இந்தச் சைக்கிளை வித்துப்போடுங்கோ' என்று மனைவி சொல்லிவிட்டார். என் அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது, அதனால் உடம்பைக் கவனிக்க வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு உண்டு. கிழமைக்கு 5, 6 மணித்தியாலத்தில் ஏதாவது செய்ய முடியுமா? இல்லாவிட்டால் விற்றுவிடவா?"

தம்பி,

சைக்கிளை இப்போதைக்கு விற்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் 11 மணித்தியாலம், 60 கி.மீ., 14 கிழமை என்ற இலக்கங்கள்தான் கண்ணில் பட்டன. பயிற்சியாளர் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். இரண்டாம் தரம் வாசிக்கும்போதுதான் உங்கள் மனைவி பதிலைச் சொல்லி முடித்திருக்கிறார் என்று விளங்கியது. சைக்கிளை விற்கச் சொன்னது உங்களுக்குக் காதில் விழுந்திருக்கிறது, அதற்கு முன் அவர் சொன்னது விழவில்லை. நீங்கள் போவது அவருக்குப் பிரச்சினையில்லையாம். எப்போது வருவீர்கள் என்று தெரியாததுதான் பிரச்சினையாம். காலை 7 மணிக்கு டியூட்டியில் நிற்க வேண்டிய ஒருவர், சின்னவனுக்குத் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டே, மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டே, படலைப் பக்கம் எத்தனை தரம் பார்த்திருப்பார் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

எனக்கும் இந்தப் புத்தி வீட்டில் அடிபட்டுத்தான் வந்தது. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் பாதையில்தான் கடக்க வேண்டும். (வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும் மிதவை.) ஒரு சனிக்கிழமை விடிய அதில் ஏறி அக்கரைக்குப் போய் நன்றாக ஓடிவிட்டுத் திரும்பி வந்தால், பாதை எதிர்க்கரையில் நிற்கிறது. ஒரு லொறி ஏறும்போது ஏதோ சிக்கலாம். ஒன்றேகால் மணித்தியாலம் கரையில் நின்றேன். அன்றைக்கு மகனுக்குத் தடுப்பூசி போடும் நாள். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் தனியாகப் போய்விட்டார். மேசையில் பிட்டு, மேலே ஒரு கோப்பை கவிழ்த்து மூடியிருந்தது. அவர் திரும்பி வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பரவாயில்லை. நான் பாதையின் மேல் பழி போட்டேன். ஆனால் பாதை பிந்தும் என்பது ஊருக்கே தெரிந்த விசயம், அதற்கு நேரம் ஒதுக்காமல் புறப்பட்டவன் நான்தான். அடுத்த மூன்று மாதம் சைக்கிள் விறாந்தையில் தூசி பிடித்தது.

அதற்குப் பிறகு நான் பயிற்சியைத் திரும்பிவரும் நேரத்திலிருந்து பின்னோக்கித்தான் எழுதுகிறேன். என்னிடம் வருகிற, பிள்ளைகுட்டி உள்ள எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் இதற்கு நல்ல வசதி ஒன்று இருக்கிறது: மனைவியின் டியூட்டி ரோஸ்ரர். அது வந்த அன்றே இரண்டு பேரும் இருந்து கலண்டரில் குறியுங்கள். இணைய அட்டவணை செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று சொல்லும். உங்கள் வீடு கிழமை நாள் பார்த்து ஓடவில்லை, டியூட்டி பார்த்து ஓடுகிறது. அவருக்குப் பின்னேர டியூட்டி உள்ள நாட்களில் காலையில் அவர் வீட்டில் இருக்கிறார். அவை உங்கள் சைக்கிள் காலைகள். அவருக்குக் காலை டியூட்டி என்றால் 6 மணிக்கே வீடு பம்பரமாகச் சுற்றும், அன்று சைக்கிளை நினைக்கவே வேண்டாம். இரவு டியூட்டி முடித்து அவர் களைத்து வரும் காலையும் அப்படித்தான். அன்று பிள்ளைகளை வெளிக்கிடுத்தி அனுப்பிவிட்டு, அவர் தூங்க வீட்டை அமைதியாக வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. நீண்ட ஓட்டத்துக்கு அவருடைய ஓய்வு நாளில் ஒன்றைக் கேளுங்கள். எல்லா ஓய்வு நாளையும் கேட்காதீர்கள்.

கலண்டரில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எதிரே ஒரேயொரு நேரத்தை எழுதுங்கள்: திரும்பும் நேரம். புறப்படும் நேரம் உங்கள் பாடு. 6.40 என்று எழுதினால் 6.40க்குச் சைக்கிள் படலைக்குள் வர வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: 70 நிமிட ஓட்டம் என்றால் 30ஆவது நிமிடத்தில் திரும்பிவிடுவேன், எங்கே நின்றாலும் சரி. நிலாவெளிச் சந்தி இன்னும் 500 மீற்றரில் தெரிகிறது என்றாலும் திரும்புவேன். மிச்சம் 10 நிமிடம் மாட்டுக்கும் காற்றுக்கும். விடியற்காலையில் நிலாவெளி ரோட்டில் படுத்திருக்கும் மாடுகள் உங்கள் அட்டவணையை வாசித்ததில்லை.

காற்றை எழுதியதால் அதையும் சொல்லிவிடுகிறேன், பிந்தி வருகிறவர்களில் பாதிப் பேரைப் பிந்த வைப்பது அதுதான். இப்போது வாடை. வடக்கே நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். நினைத்ததை விட ஐந்து நிமிடம் முந்தியே வருவீர்கள். வைகாசி பிறந்து கச்சான் காற்றுத் தொடங்கினால் கதை மாறும். (சாப்பிடுகிற கச்சானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) தென்மேற்கிலிருந்து சூடாக அடிக்கும் அந்தக் காற்றில் வடக்கே போனால், போகும்போது ராசா மாதிரிப் பறப்பீர்கள். மணிக்கு 36 கி.மீ. காட்டும், உங்கள் கால்தான் காரணம் என்று நினைப்பீர்கள். திரும்பும்போது 22ஐத் தாண்டாது. அந்தக் காலத்தில் முதலில் சீனன்குடா, தம்பலகாமம் பக்கம் காற்றை எதிர்த்துப் போய்விட்டு, அது தள்ள வீடு வர வேண்டும். எந்தக் காலத்திலும் முதல் பாதியில் எதிர்க்காற்று இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ரயர். குச்சவெளியில் உங்களுக்கு நடந்தது விபத்து மாதிரித் தெரிகிறது. ஆனால் கையில் ரியூப் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இருக்கைக்குக் கீழே ஒரு பை: ஒரு புது ரியூப், ரயர் கழற்றும் பிளாஸ்ரிக் நெம்பு இரண்டு, சின்னப் பம்ப். இதை வாங்குவதோடு நிற்காதீர்கள். ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து பின் சில்லைக் கழற்றி ரியூப் மாற்றிப் பழகுங்கள், மகளிடம் போனைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொல்லுங்கள். முதல் தரம் 25 நிமிடம் ஆகும், கை முழுக்கக் கறுப்பு. நாலாவது தரம் 10 நிமிடத்துக்குள் வரும். புது ரியூப்பைப் போடுவதற்கு முன் ரயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் தடவுங்கள். லொறி ரயர் வெடித்துச் சிதறும் மெல்லிய கம்பித்துண்டு அங்கே குத்திக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, துணியில் சிக்கும். அதை எடுக்காமல் புது ரியூப்பைப் போட்டால் இரண்டு கிலோமீற்றரில் அதுவும் போகும்.

சரி, இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 5, 6 மணித்தியாலம் காணுமா? 60 கி.மீ. ஓட்டத்துக்குக் காணும். நீங்கள் ஓடப்போவது ஏறத்தாழ 2 மணித்தியாலம். 11 மணித்தியால அட்டவணை எழுதியவர் நாலைந்து மணித்தியாலம் ஓடுகிற போட்டியை நினைத்து எழுதியிருப்பார். தொழிலாகவே ஓடுகிறவர்கள் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிறார்கள், பின்னேரம் தூங்கவும் செய்கிறார்கள். அவர்களுடைய அட்டவணையைப் பாதியாக வெட்டினால் அது உங்களுடைய அட்டவணை ஆகிவிடாது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு பழைய ஆய்வு உண்டு. 1980களின் முதற்பாதியில் அமெரிக்காவில் ரொபர்ட் ஹிக்சன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்தது. ஆட்களைக் கிழமைக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று 10 கிழமை கடுமையாகப் பயிற்சி செய்யவைத்தார்கள். பிறகு 15 கிழமைக்குப் பயிற்சியைக் குறைத்தார்கள். சிலருக்கு நாட்களை 4 ஆகவும் 2 ஆகவும் குறைத்தார்கள். வேறொரு தரம் நேரத்தை 26 நிமிடமாகவும் 13 நிமிடமாகவும் வெட்டினார்கள். உடம்பு ஒட்சிசனை எடுத்துப் பாவிக்கும் உச்ச அளவு அப்படியே நின்றது. பிறகு நாளையும் நேரத்தையும் தொடாமல் கடுமையை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்த அளவு இறங்கியது. உங்களுக்கு இதில் சந்தோசமான செய்தி இருக்கிறது, ஆனால் இரண்டு விசயத்தை மறக்கக்கூடாது. ஒன்று, இது சேர்த்ததைக் காப்பாற்றுகிற கணக்கு. புதிதாகச் சேர்க்க இதைவிடக் கொஞ்சம் கூட வேண்டும். மற்றது, 13 நிமிடக்காரர்கள் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் சக்தியில் சறுக்கினார்கள். அதனால்தான் நீண்ட ஓட்டம் ஒன்றையும் விடவேண்டாம் என்கிறேன்.

ஆகவே கிழமைக்கு மூன்று ஓட்டம். முதலாவது 60, 70 நிமிடம். கால் மணித்தியாலம் மெதுவாக ஓடிச் சூடாகிய பிறகு, 4 நிமிடம் கடுமையாக, 4 நிமிடம் மெதுவாக. இப்படி நாலு தரம். கடுமை என்றால் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். பவர் மீற்றர் (மிதிக்கும் வலுவை அளக்கும் கருவி) எல்லாம் வேண்டாம், அந்தக் காசுக்கு மகளுக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கலாம். பக்கத்தில் ஒருவர் ஏதாவது கேட்டால் "ம்", "இல்லை" என்பதற்கு மேல் வாயிலிருந்து வராத வேகம். முதல் 4 நிமிடத்தில் உயிர் போகிற மாதிரி இருந்தால் கூடிப்போயிற்று, நாலாவதையும் முதலாவது போலவே முடிக்க முடிய வேண்டும். இந்த மாதம் விடிய 6 மணிக்குத்தான் கண் தெரிகிற வெளிச்சம் வரும். அதற்கு முன் கடும் வேகம் வேண்டாம்; முன்னுக்கு ரோச் லைற், பின்னுக்குச் சிவப்பு லைற் இல்லாமல் படலையைத் தாண்டவும் வேண்டாம்.

இரண்டாவது, இடைப்பட்ட ஓட்டம். இதுவும் ஒரு மணித்தியாலம்தான், அதற்குள் 10 நிமிடத் துண்டு இரண்டு, பிறகு மெல்ல மெல்ல மூன்று. வேகம் முன்னதைவிடக் குறைவு: சின்ன வசனம் ஒன்று பேசலாம், கதை சொல்ல முடியாது. மூன்றாவது நீண்டது. இரண்டு மணித்தியாலத்தில் தொடங்கி, பங்குனியில் இரண்டரை, மூன்று வரை. இதில் பெரும்பகுதி தேவாரம் ஒன்றை முறியாமல் சொல்லக்கூடிய மெது வேகம். நம்மவர்கள் அநேகமாகப் பிழைவிடுவது இங்கேதான். மெதுவாக ஓடவேண்டிய நாளில் யாராவது முந்திப்போனால் மானப் பிரச்சினை ஆகிவிடும், கடுமையாக ஓடவேண்டிய நாளில் கால் இருக்காது.

ஏதாவது ஒரு கிழமை மூன்றில் ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் முதலாவதை எடுங்கள். சின்னவனுக்குக் காய்ச்சல், மாமிக்குக் கிளினிக், வங்கியில் கணக்கு முடிப்பு என்று ஒன்றுமே கிடைக்காத கிழமையும் வரும். வரட்டும். ஒரு கிழமையில் ஒன்றும் குறையாது. இரண்டு, மூன்று கிழமை தொடர்ந்து விட்டால்தான் இறங்கத் தொடங்கும். விட்டதை அடுத்த கிழமையில் சேர்த்து ஓடி அடைக்கப் பார்க்காதீர்கள்.

வேலைக்கு எதில் போகிறீர்கள் என்று எழுதவில்லை. மோட்டார் சைக்கிள் என்றால் கிழமையில் மூன்று நாளாவது சாதாரண சைக்கிளில் போய்ப் பாருங்கள். உப்புவெளியிலிருந்து ரவுனுக்கு 5 கி.மீ. அளவுதானே, எப்படியும் செலவாகிற நேரம். வியர்க்காத வேகத்தில் போனால் காணும். கோட்டைப் பக்கம் மான்கள் குறுக்கே வந்தால் நின்று பார்த்துவிட்டும் போகலாம், அங்கே திரும்பும் நேரக் கட்டுப்பாடு கிடையாது. மழை விடாத நாளில் வெளியில் போய்ச் சறுக்கி விழுவதைவிட, விறாந்தையில் 25 நிமிடம் குந்தி எழும்புதல், ஒற்றைக்கால் படியேற்றம், கயிறடித்தல் செய்யலாம். நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்க உதவும் பழைய ரோலர் எங்காவது மலிவாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. சத்தம் போடும், மனைவி நைட் முடித்துத் தூங்கும்போது மட்டும் அதைத் தொட வேண்டாம்.

இப்போது நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். மேலே சொன்ன கடும் ஓட்டங்களை வைத்தியரைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். அப்பா, சகோதரன் போன்ற நெருங்கிய ஆண் உறவினருக்கு 55 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். உங்கள் அப்பாவுக்கு 54. இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு, ஈ.சி.ஜி. பாருங்கள், ஓடும்போது எடுக்கும் ஈ.சி.ஜி.யும் தேவையா என்று வைத்தியரையே கேளுங்கள். அதுவரை தேவார வேகம். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, இடது கையிலோ தாடையிலோ நோவு வந்தாலோ அந்த இடத்திலேயே இறங்கிவிட வேண்டும். இதெல்லாம் உங்கள் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விற்கச் சொன்னதற்குள் இந்தப் பயமும் கொஞ்சம் கிடக்குமோ என்று எனக்கொரு சந்தேகம். ரிப்போட்டை அவர் கையில் கொடுங்கள்.

4 மணிக்கு எழும்புவது பற்றி. இரவு 11 மணிக்குப் படுக்கிறவர் 4 மணிக்கு எழும்பினால் 5 மணித்தியாலத் தூக்கம். அதில் ஓடுகிற ஓட்டம் உடம்பில் சேராது, சேருவது தூக்கத்தில்தான். சைக்கிள் காலை 5.15க்கு என்றால் முதல் இரவு 9.45க்குப் படுக்கை. முடியாவிட்டால் அந்தக் காலை சைக்கிள் இல்லை. போத்தல், சப்பாத்து, லைற், ரயர் காற்று எல்லாம் இரவே சரிபார்த்து வைத்தால் விடிய 15 நிமிடம் மிச்சம், வீட்டாரையும் எழுப்ப மாட்டீர்கள்.

கேட்கக் கூச்சமான ஒரு கேள்வி: உங்கள் ஜேர்சியை யார் தோய்க்கிறார்கள்? வியர்வை ஊறிய அந்த உடுப்பைக் கிணற்றடியில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களை நிறையப் பேரைத் தெரியும். வந்த கையோடு நீங்களே அலசிக் கொடியில் போடுங்கள், 4 நிமிடம். செலவும் அப்படித்தான். சைக்கிளுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி வைத்துக்கொண்டு அதற்குள் நில்லுங்கள். புதுச் சில்லு வாங்கினால் அடுத்த ஓட்டத்தில் முன்னுக்கு வரலாம் என்று யாராவது சொல்வார்கள். அவர் விற்க ஒரு சில்லு வைத்திருப்பார்.

மாசியிலிருந்து மாதம் இரண்டு தரமாவது கூட்டமாக ஓடுகிறவர்களோடு சேர்ந்து பழகுங்கள். கூட்டத்தில் ஓடத் தெரியாதவர் எவ்வளவு கால் இருந்தும் தோற்பார். முன்னால் போகிறவரின் ஒதுக்கில், அவர் காற்றை மறைக்க ஓடினால் கால்வாசிக்கு மேல் சக்தி மிச்சமாகும். அவருடைய பின் சில்லையே பார்க்காமல் தோளுக்கு மேலால் தூரத்தைப் பார்க்கப் பழக வேண்டும், பிறேக்கைச் சடாரென்று பிடிக்காமலிருக்கப் பழக வேண்டும். நம்மூர் ஓட்டங்களில் திருப்பத்தில்தான் ஆட்களைக் கழற்றிவிடுவார்கள். எல்லோரும் வேகம் குறைத்துத் திரும்பியதும் முன்னால் நிற்கிறவன் எழும்பி மிதிப்பான், பின்னால் நிற்கிறவனுக்கு 20 மீற்றர் இடைவெளி விழும். அதனால் கடைசி நாலு கிழமை அந்த 4 நிமிடத் துண்டுகளில் இரண்டை எடுத்துவிட்டு, 30 செக்கன் பாய்ச்சல் எட்டோ பத்தோ போடுங்கள். ஆனால் கூட்டத்தோடு போனால் திரும்பும் வழியில் நிலாவெளிக் கடையில் பிளேன்ரீ, வடை, அரை மணித்தியாலக் கதை. எனக்கும் பிடிக்கும். கலண்டரில் அந்த அரை மணித்தியாலத்தையும் சேர்த்து எழுதிவிட்டுப் போங்கள், எழுதாத நாளில் கையைக் காட்டிவிட்டு நேரே வீடு.

சித்திரை வெயில் பற்றிச் சொல்லத் தேவையில்லை, பழகத்தான் வேண்டும். உடம்பு சூட்டுக்குப் பழக 10 நாள், இரண்டு கிழமை எடுக்கும். கடைசி மூன்று கிழமையில் சில ஓட்டங்களை வெயில் ஏறிய பிறகு மெதுவாக ஓடுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தராசில் நில்லுங்கள். குறைகிற ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர். உங்கள் வியர்வைக் கணக்கு அதில் தெரியும். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீர் காணாது. இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு; ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். ஜீவனிப் பக்கெற்றை (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு, சீனிப் பொடி) ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துக் கொண்டுபோனாலும் சரி. ஒரு மணித்தியாலம் தாண்டினால் மணிக்கு இரண்டு வாழைப்பழ அளவு சாப்பாடு வேண்டும், பசிக்க முன்பே. போட்டி அன்றைக்குப் புதிதாக எதையும் வாயில் வைக்க வேண்டாம்.

மகளோடு பின்னேரம் கடற்கரைப் பக்கம் சைக்கிள் ஓடுங்கள். அதைப் பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டாம், அவளுக்குத் தெரிந்துவிடும்.

போட்டி நாளுக்கும் கலண்டரில் ஒரு நேரம் எழுத வேண்டும். தொடக்கம் 7 மணி என்று நோட்டீசில் இருந்தால் 8க்குத் தொடங்கும். 2 மணித்தியாலம் ஓட்டம். ஆறிச் சாப்பிட ஒரு மணித்தியாலம். வீடு வந்து சேர அரை மணித்தியாலம். ஆகவே 11.30 என்று எழுதுங்கள். பிறகு பரிசளிப்பு, பிரதம விருந்தினர் வந்தால்தான் தொடங்கும், அவர் எப்போது வருவார் என்று அவருடைய வீட்டுக்கே தெரியாது. முதல் வருசம் நீங்கள் முன் கூட்டத்தோடு வந்து முடித்தாலே நான் சந்தோசப்படுவேன், மேடையேறும் சாத்தியம் குறைவு. அப்படி ஏதும் நடந்துவிட்டால் உடனே போனை எடுத்து மனைவிக்குச் சொல்லுங்கள். முடிந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவரும் வரட்டும், மேடைக்குக் கீழே நிழல் உள்ள பக்கமாக ஒரு கதிரை பிடித்து வையுங்கள்.